தேக்காவில் ஓர் ஆறு இருக்கிறது

சில மாதங்களுக்கு முன்பு சிலிகி ரோட்டுப் பக்கம் ஓர் இலக்கியச் சந்திப்பு. பேசுபொருள், தமிழ்க் கவிதையில் நதி. இரண்டு மணி நேரத்தில் காவிரி வந்தது, வைகை வந்தது, தாமிரபரணி வந்தது. தன் ஊர் ஆற்றில் இப்போது மணல்கூட மிச்சமில்லை என்று சொல்லும்போது ஒருவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எனக்கும் கண் கலங்கியது.

கூட்டம் முடிந்து ஏழெட்டுப் பேர் தேக்காவுக்குச் சாப்பிட நடந்தோம். கால்வாயைக் கடக்கும் இடத்தில், ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த தம்பி ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். "அண்ணே, இது என்ன ஆறு?" இங்கேயே பிறந்து வளர்ந்த அண்ணன் ஒருவர் சிரித்தார். "ஆறெல்லாம் இல்ல தம்பி, லோங்காங். வாங்க, பிரியாணி முடிஞ்சிரும்."

யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. இரண்டு மணி நேரம் நதிக்காக உருகிய கூட்டம், கண்ணெதிரே ஓடிய ஒன்றை ஒரே சொல்லில் சாக்கடையாக்கிவிட்டுச் சாப்பிடப் போனது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். அது ஆறுதான். ரோச்சோர் ஆறு. அதை லோங்காங் என்று அழைப்பது வெறும் பேச்சுப் பழக்கம் இல்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அதில் நம் பங்கு என்ன என்ற கேள்விகளைக் கேட்காமல் தப்பிக்க அந்தச் சொல் உதவுகிறது. என் சண்டை அந்தச் சொல்லோடுதான்.

மூங்கில், எருமை, சுண்ணாம்பு

தேக்கா என்ற பெயருக்குள்ளேயே அந்த ஆறு இருக்கிறது. ஹொக்கியன் மொழியில் 'தெக் கியா கா' என்றால் சிறு மூங்கில்களின் அடி. ரோச்சோர் கரையில் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்து நின்றது. மலாயில் இதே இடத்துக்குப் பெயர் கண்டாங் கெர்பாவ், எருமைக் கொட்டில். தண்ணீரும் சேறும் புல்லும் இருந்ததால்தான் மாட்டு வியாபாரம் இங்கே வந்து உட்கார்ந்தது. மாட்டு வியாபாரத்தைத் தொட்டுத்தான் நம் ஆட்கள் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரி ஒருவரின் பெயரைத் தாங்கிய பெலிலியோஸ் ரோடு எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சம். சிராங்கூன் ரோட்டில் செங்கல் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் இருந்தன. அதனால் தமிழர்கள் இந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். வீரமாகாளியம்மன் கோயிலுக்கே சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றுதான் பழைய பெயர்.

கொஞ்சம் தள்ளிப் போனால் தோபி காட். வண்ணார்கள் நின்று துவைத்த ஓடைதான் இன்றைக்கு ஸ்டாம்ஃபோர்டு கால்வாய். ஆர்ச்சர்ட் ரோட்டின் பளபளப்புக்கு அடியில் அது ஓடுவது அங்கே பை தூக்கிக்கொண்டு நடப்பவர்களில் பலருக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் சிங்கப்பூர் ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சரக்குத் தோணி வலித்தவர்களில் சூலியாக்கள், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், முக்கியமானவர்கள்.

ஆக, இந்தத் தீவில் தமிழன் முதலில் நின்ற இடங்களில் பெரும்பாலானவை தண்ணீர் ஓரம். தண்ணீர் ஓரம் நின்று அதை அழுக்காக்கியவர்களிலும் நாம் உண்டு. மாட்டுக் கொட்டிலின் கழிவு வேறெங்கே போயிருக்கும்? இதை மறைத்துவிட்டு முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள் என்று கதை விடுவதில் எனக்கு ஆர்வமில்லை. நான் சொல்ல வருவது வேறு. லிட்டில் இந்தியாவில் ஒவ்வொரு பொங்கலுக்கும் மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டுப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அந்த மாட்டை இங்கே வரவைத்த ஆறு சில நிமிட நடையில் இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளையையும் யாரும் கூட்டிப் போவதில்லை. மாடு மரபு, ஆறு லோங்காங்.

பத்து வருடத்தில் நடந்தது என்ன

'சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்த கதை' எல்லாருக்கும் தெரியும். தெரிந்த மாதிரி இருப்பதுதான் பிரச்சினை. 1977 பிப்ரவரி 27 அன்று அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழாவில் லீ குவான் யூ ஒரு சவால் விட்டார். பத்து வருடத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்பது அதன் சாரம். 1987இல் வேலை முடிந்ததைக் கொண்டாடினார்கள். இதற்கு நடுவே என்ன நடந்தது என்று கேட்டால் நம்மில் பலர், "ஆத்தைத் தூர்வாரி சுத்தம் பண்ணாங்க" என்போம்.

தூர்வாரினார்கள், உண்மை. ஆனால் அந்தப் பத்து வருட உழைப்பில் பெரும்பகுதி ஆற்றுக்குள் நடக்கவில்லை. சிங்கப்பூர் ஆறும் காலாங் படுகையும் சேர்ந்து தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கின் மழைநீரை வாங்குபவை. ரோச்சோரும் காலாங் படுகைக்குள் போய்ச் சேர்வதுதான். அந்த ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் என்னவெல்லாம் தண்ணீரில் விழுகிறது என்று முதலில் கணக்கெடுத்தார்கள். சுமார் 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள். சாக்கடைக் குழாய் இணைப்பில்லாத ஆயிரக்கணக்கான வீடுகள். தெருவோரத்தில் எச்சில் தட்டைக் கழுவி அப்படியே காணுக்குள் ஊற்றிய ஏறத்தாழ 5,000 நடைவியாபாரிகள். கரையோரப் பட்டறைகள், மரம் அறுக்கும் ஆலைகள், படகு கட்டும் இடங்கள், காய்கறி மொத்த வியாபாரம். 26,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீவக அடுக்குமாடிகளுக்கு மாறின. நடைவியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்குள் போனார்கள். 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. வாளியில் மலம் அள்ளும் முறை 1987இல் முடிவுக்கு வந்தது.

இந்தப் பட்டியலில் ஆற்றில் நடந்த வேலை எத்தனை, தெருவில் நடந்த வேலை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆற்றைச் சுத்தம் செய்தது பொக்லைன் இல்லை. சமையலறைக்கும் கக்கூஸுக்கும் போடப்பட்ட குழாய், அங்காடிக் கடையில் வைக்கப்பட்ட கழுவுதொட்டி, கூரை போட்ட குப்பை அறை ஆகியவைதான் அந்த வேலையைச் செய்தன.

இதைப் புரிந்துகொள்ள சிங்கப்பூர் வரை வரவேண்டிய அவசியமும் தமிழனுக்கு இல்லை. ஏரிப் பாசன ஊரில் வளர்ந்த எந்தப் பெரியவரையும் கேளுங்கள். ஏரியை மட்டும் தூர்வாரி என்ன பயன், வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தால் என்பார். மழைக்கு முன்னால் ஊரே கூடி வரத்துக்காலை வெட்டிச் சரிசெய்யும் வேலைக்குக் குடிமராமத்து என்று நம்மிடம் பெயரே இருந்தது. மேட்டில் விழும் மழை, அது ஓடிவரும் பாதை, வந்து சேரும் பள்ளம் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு நீர்நிலை என்பது அவர்களுக்குப் பாடப்புத்தக அறிவு இல்லை, வயிற்றுப்பாடு. சிராங்கூன் ரோட்டின் லோங்காங்தான் நமக்கு வரத்துக்கால்.

கூவத்துக்கு ஏற்றுமதியான பாதிக் கதை

தமிழ்நாட்டில் ஒரு வாக்கியம் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது: கூவத்தைச் சிங்கப்பூர் ஆறு மாதிரி ஆக்குவோம். கூவத்தைச் சீரமைக்கும் திட்டம் 1960களின் இறுதியிலேயே தொடங்கியது. படகுத்துறைகூடக் கட்டினார்கள். படகு போனது, நாற்றம் போகவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ அறிவிப்புகள். இங்கே வந்து படகில் ஏறி, கரையோர உணவகங்களைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் ஒவ்வொரு பிரமுகரும் கரையைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார். அதனால் அங்கேயும் வேலை கரையில்தான் தொடங்குகிறது.

கரையில் யார் இருக்கிறார்கள்? ஏழைகள். எனவே ஆற்றைச் சுத்தம் செய்வது என்றால் கரையோரக் குடிசைகளைக் காலி செய்வது என்று ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. வேலை ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பாதியில். பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி. 2015 மழையில் அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. ஒரு நீர்நிலையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மனிதர்களைக் கொண்டுபோய் இன்னொரு நீர்நிலையில் வைத்திருக்கிறார்கள். கூவத்தில் கலக்கும் நகரத்துக் கழிவுநீரோ குடிசையிலிருந்து மட்டும் வருவதில்லை. மாடி வீடும் ஓட்டலும் அலுவலகமும் சேர்ந்து அனுப்புவது அது. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற கிராமத்தின் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே அது சாதாரண கிராமத்து ஆறு. நகரம் தொடங்கும் இடத்தில்தான் அது கூவம் என்ற வசைச்சொல்லாகிறது.

சிங்கப்பூரிலும் குடும்பங்களை அகற்றினார்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். அகற்றினார்கள். எல்லாரும் மகிழ்ச்சியோடு போகவில்லை. வாடிக்கையாளரை இழந்த வியாபாரி, பன்றிப் பண்ணை தவிர வேறு தொழில் தெரியாத குடும்பம், பாசிர் பாஞ்சாங்கில் வேலை குறைந்துபோன தோணிக்காரர் என்று அந்த வெற்றிக் கதைக்குக் கீழே அழிக்கப்பட்ட வாழ்க்கைகள் உண்டு. அதை எழுதாத சிங்கப்பூர் கதை பாதிக் கதைதான். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இங்கே வரிசை வேறு. குழாய் இணைப்புள்ள வீடும், தண்ணீர் வசதியுள்ள கடையும் கட்டி, ஆட்களை அதற்குள் மாற்றி, ஊற்றுவாயை அடைத்துக்கொண்டே வந்தார்கள். கரையை அழகுபடுத்தும் வேலை அதற்குப் பிறகு. கூவத்தில் அழகுபடுத்துவதும் அகற்றுவதும் முதலில், குழாய் எப்போதாவது. ஒருவர் கரையில் குடியிருப்பது குற்றம் இல்லை. அவருக்குக் கழிவுக் குழாய் கொடுக்காத நகரம்தான் குற்றவாளி. சிங்கப்பூரிடமிருந்து சென்னை கற்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். சிங்கப்பூர்த் தமிழர்கள் நாமாவது அந்தப் பிரமுகர்களுக்கு இதைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். நாமும் அவர்களோடு கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

சிமெண்ட்டுக்குள் ஒரு தண்ணீர்

சரி, நாற்றம் போய்விட்டது. ரோச்சோர் இப்போது நாறுவதில்லை. சுங்கை ரோட்டுப் பக்கம் செடி வைத்து, நடைபாதை போட்டு, பார்க்க நன்றாகவே இருக்கிறது. அப்புறம் என்ன குறை?

நாறாத தண்ணீர் எல்லாம் உயிருள்ள தண்ணீர் இல்லை என்பதுதான் குறை. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. புக்கிட் தீமா வெள்ளத்தை அனுபவித்த தலைமுறைக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் மழைநீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கடலுக்குத் தள்ளுவதற்காகக் கட்டப்பட்டவை இந்தக் கான்கிரீட் கால்வாய்கள். நியாயமான காரணம்தான். ஆனால் கூரை, தார்ரோடு, கார்நிறுத்தம், சிமெண்ட்டுத் தரை எல்லாவற்றிலும் விழும் மழை, நிற்க ஓர் இடமில்லாமல் ஓடி வருகிறது. மழையின் முதல் சில நிமிடங்களில் வருவதுதான் மோசமான தண்ணீர். டயர்த் தூள், எண்ணெய், சிகரெட் துண்டு, சோப்புத் தண்ணீர், கட்டுமான இடத்து மண் எல்லாம் அந்த முதல் ஓட்டத்தில் ஒன்றாக வந்துவிடும். மண்ணிலும் வேரிலும் தங்கி வடிந்தால் அதில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். சிமெண்ட்டில் எதுவும் நிற்காது.

சிங்கப்பூரே இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் கால்வாய்களை ஆறுகளாகவும் ஓடைகளாகவும் திருப்பிக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெரிய சாட்சி பீசான் அங் மோ கியோ பூங்கா. அங்கே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோட்டுச் சிமெண்ட்டுக் கால்வாயாக ஓடியது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து போகும் சுமார் 3 கிலோமீட்டர் ஆறாக 2012இல் மாற்றிவிட்டார்கள். உடைத்த சிமெண்ட்டைக் குவித்து ஒரு சிறு குன்றே செய்தார்கள். கரையை வேர்களும் கற்களும் சுருட்டிய நார்க்கட்டுகளும் பிடித்து நிற்கின்றன. மழை வந்தால் ஆறு பூங்காவின் புல்வெளிக்குள் அகலமாகப் பரவும், எச்சரிக்கை ஒலிக்கும், ஆட்கள் மேட்டுக்கு ஏறுவார்கள், மழை விட்டதும் தண்ணீர் வடியும். வெள்ளத்தைத் தாங்கும் திறன் முன்பைவிடக் கூடியதே தவிரக் குறையவில்லை. நீர்நாய்கள் வந்தன, குட்டி போட்டன, பத்திரிகையில் படமாக வந்தன.

எனக்குச் சந்தோஷம்தான். ஒரு சின்ன எரிச்சலும் உண்டு. அங்கே 62 ஹெக்டர் பூங்கா இருந்தது, ஆறு வளைய இடம் இருந்தது. ரோச்சோருக்கு இரண்டு பக்கமும் ரோடு. அடியில் எம்ஆர்டி. அதை வளைய விடு என்று கேட்டால் சிரிப்பார்கள், சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 'இடமில்லை' என்ற பதில் ஆற்றை மட்டும் பார்ப்பவர்களின் பதில். ஆறு வளைய இடமில்லை என்றால், ஆற்றுக்கு வரும் தண்ணீர் நின்று வர இடம் தேட வேண்டும். அந்த இடம் கால்வாயில் இல்லை. தேக்காவின் கூரைகளில், கார்நிறுத்தங்களில், பின்சந்துகளில், புளோக்குகளுக்கு இடையிலுள்ள புல்தரைகளில் இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பு என்று சொன்னவுடன் மலையும் காடும் கண்ணில் வருகிறது இல்லையா? இந்த ஊரில் நீர்ப்பிடிப்பு என்பது பஃபலோ ரோடு.

மிகையாகச் சொல்லவில்லை. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தது. சில ஆண்டுகளில் உப்புத் தண்ணீர் வெளியேறி மரினா நீர்த்தேக்கம் நன்னீர் ஏரியானது. அதன் நீர்ப்பிடிப்பு 10,000 ஹெக்டர், தீவில் ஆறில் ஒரு பங்கு. ரோச்சோர் அதில்தான் விழுகிறது. இந்த ஊரில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் காண் வேறு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். காணில் விழுவதோ எந்த நிலையத்தையும் பார்க்காமல் நேராக நீர்த்தேக்கத்துக்குப் போகும். லோங்காங் என்று நாம் சொல்வது நம் குடிநீரின் வாசல்.

"மேல போட்டா கீழ அள்ளணும்"

ஒரு திங்கட்கிழமை காலை, கால்வாய் ஓரம் நீண்ட கம்பில் வலை கட்டி ஒருவர் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். பட்டுக்கோட்டைப் பக்கம். பிளாஸ்டிக் குவளை, சோற்றுப் பொட்டலம், ஒரு செருப்பு, வாடிய மாலை. "ஞாயித்துக்கிழமை நம்மாளுங்க நெறைய வருவாங்கல்ல சார்" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பிறகு அவரே, "நம்மாளுங்க மட்டும் இல்ல. கடைக்காரங்க, டூரிஸ்ட்டு, எல்லாரும்தான். மேல போட்டுக்கிட்டே இருந்தா நான் கீழ அள்ளிக்கிட்டேதான் இருக்கணும்."

ஆற்றைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடச் சுருக்கமாக இதைச் சொன்னதில்லை. நாம் பெருமைப்படும் சுத்தம் இப்படித்தான் கிடைக்கிறது. ஊற்றுவாயை அடைக்காமல் வாயில் வந்து விழுவதை ஆள் வைத்து அள்ளுகிறோம். அந்த ஆள் பெரும்பாலும் நம் மொழி பேசுபவர், அல்லது வங்காளம் பேசுபவர். வாரத்தில் ஒருநாள் வெளியே வந்து புல்தரையில் உட்காரும் தொழிலாளியைப் பார்த்து 'குப்பை போடுறாங்க' என்று முகம் சுளிப்பவர்களுக்கு, மற்ற ஆறு நாளும் தங்கள் குப்பையை அள்ளுபவரும் அவர்தான் என்பது நினைவுக்கு வருவதில்லை. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் கூடுவார்கள் என்று தெரிந்தும் போதுமான குப்பைத்தொட்டியும் கைகழுவும் இடமும் இல்லையென்றால், அது கூவத்தின் கதைதான், அளவில் சிறியது. குழாய் கொடுக்காமல் குடிசையைக் குற்றம் சொல்கிறோம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். கடை மூடும் நேரத்தில் பின்சந்துகளில் நடந்து பாருங்கள். தரை துடைத்த வாளித் தண்ணீரை எங்கே ஊற்றுகிறார்கள், அண்டாவை எங்கே வைத்துத் தேய்க்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாரும் இல்லை, ஆனால் சிலர் இன்னும் காணில்தான். சட்டப்படி தவறு என்பது அவர்களுக்கும் தெரியும். அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போகிறது என்பதுதான் தெரியாது. கேட்டுப் பார்த்தேன், தெரியாது.

பூக்கடைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் "பூதானே, மக்கிடும்" என்று தண்ணீரில் தள்ளிவிடுவது அறியாமை. பூவும் இலையும் சோறும் தண்ணீரில் மக்கும்போது அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். பிளாஸ்டிக்காவது மிதந்து மாட்டிக்கொள்ளும், மாலை கரைந்து கொல்லும். கோயில்களும் பூக்கடைகளும் சேர்ந்து பூக்கழிவைத் தனியாகப் பிரித்து உரமாக்கலாம். சுண்ணாம்புக் கம்பத்தில் காளிக்குச் சாற்றிய மாலை வீவக புளோக்குக்குக் கீழே செம்பருத்திக்கு உரமாவதைவிட நல்ல முடிவு அந்த மாலைக்கு என்ன இருக்கிறது?

அடுத்து, மழைத்தோட்டம். இங்கே பொங்கோல் போன்ற புதிய பேட்டைகளில் பார்க்கலாம். தரையைவிடச் சற்றுப் பள்ளமாக ஒரு பாத்தி. மேலே செடி, அதற்குக் கீழே மணல் கலந்த மண், அதற்குக் கீழே சரளை, அடியில் ஒரு துளைக்குழாய். கூரையிலிருந்தும் கார்நிறுத்தத்திலிருந்தும் வரும் முதல் மழையை அது பிடித்து வைத்து, வடிகட்டி, மெதுவாகக் காணுக்கு விடும். 2014 முதல் 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் கட்டுபவர்கள் மழைநீரைக் கொஞ்சநேரம் தங்களிடமே தடுத்து வைத்துத்தான் வெளியே விட வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனால் லிட்டில் இந்தியா பழைய கடைவீடுகளின் ஊர். பெரிய நிலத்துக்கான புதிய விதி இங்கே தொடாது. பாரம்பரிய வட்டாரம் என்று முகப்புக்குச் சாயம் அடிக்கப் பணம் இருக்கும்போது, பின்சந்துக்கு ஒரு பாத்தி கேட்பதில் என்ன தவறு? சுவரோவியத்துக்குக் கிடைத்த சுவர்களில் நாலைந்தின் அடியிலாவது மழைத்தோட்டம் கேளுங்கள்.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்று ஒரு குரல் வரும். 1977இல் அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்தது. குழாய் போடவும் வீடு கட்டவும் அரசாங்கத்தால்தான் முடியும். ஆனால் வாளியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை எந்தக் கழகமும் வந்து தினமும் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் மேலிருந்து செய்து கொடுத்ததில் நமக்கு ஒரு நஷ்டமும் உண்டு. ஆறு சுத்தமானது, ஆனால் நம் கையால் சுத்தமாகவில்லை. அதனால் அது நம்முடையது என்ற எண்ணம் வரவே இல்லை.

நம் எழுத்தில் இல்லாத ஆறு

கடைசியாக, இதைப் படிக்கும் உங்களிடம், எழுதுபவர்களிடம். ஊர் ஆற்றை நினைத்து அழுவது தப்பில்லை. ஆனால் நான் படித்த சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளிலும் கவிதைகளிலும் ஆறு வந்தால் பெரும்பாலும் அது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் புளோக் இருக்கும், லிஃப்ட் இருக்கும், எம்ஆர்டி இருக்கும், மழைகூட இருக்கும். மழை எங்கே போகிறது என்று யாரும் பின்தொடர்ந்து போவதில்லை. இருநூறு வருடமாக ஓர் ஆற்றோரம் வாழ்ந்து, அந்த ஆற்றின் பெயரைச் சொல்லாத ஒரு சமூகம், தன்னை இந்த ஊரின் வாடகைக்காரனாகத்தான் நினைக்கிறது என்று பொருள். வாடகை வீட்டின் காணை யார் கழுவுவார்கள்?

பழைய தேக்கா ஈரச்சந்தையை இடித்து, 1982இல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புதிய நிலையம் திறந்தபோது, மாண்டரின் உச்சரிப்பில் அதற்கு சூஜியாவ் என்று பெயர் வைத்தார்கள். அதே மூங்கில் அடிதான், வேறு உச்சரிப்பில். ஜனங்கள் அதை ஏற்கவில்லை. தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000இல் அதிகாரபூர்வமாகவே தேக்கா நிலையம் ஆனது. ஒரு சொல்லை விடாமல் சொல்லிச் சொல்லியே திருப்பிக் கொண்டுவந்த அனுபவம் இந்த வட்டாரத்துக்கு இருக்கிறது. மூங்கிலின் பெயரைக் காப்பாற்றிய நமக்கு, அது நின்ற ஆற்றின் பெயரைச் சொல்வது கஷ்டமா?

அந்தத் தம்பிக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். அடுத்த சந்திப்பு முடிந்து தேக்காவுக்கு நடக்கும்போது அதே இடத்தில் நிறுத்திச் சொல்லப்போகிறேன். "ரோச்சோர் ஆறு தம்பி. கையில இருக்கிற குவளையைத் தொட்டியில போட்டுட்டு வாங்க. இது நாளைக்கு நம்ம வீட்டுக் குழாய்க்கு வர்ற தண்ணி."